ஜோடி இல்லாத இரட்டை லட்சுமி

விருதுநகரில் மிளகாய் வற்றலுக்கும் உளுந்துக்கும் நாள்தோறும் விலை நிர்ணயிக்கப் பலர் உண்டு. ஒரு ரூபாய் நாணயத்துக்குப் பன்னிரண்டு லட்சம் ரூபாய் என்று விலை நிர்ணயித்தவர் அருள்பாண்டி சுவாமிகள் ஒருவர்தாம்.

ஆயுத பூசை கழிந்த மூன்றாம் வாரம், ரயில் நிலையத்துக்குச் செல்லும் சாலையில் முகூர்த்த நாள் இன்மையால் காலியாகக் கிடந்த திருமண மண்டபம் ஒன்றைச் சுவாமிகள் வாடகைக்கு எடுத்தார். வாசலில் பதாகை எழுந்தது. "இரட்டை லட்சுமி காசு தரிசனம். உங்கள் சட்டைப்பையில் லட்சங்கள் உறங்குகின்றன. எழுப்ப வாருங்கள்." பதாகை சிவகாசியில் அச்சானது. அதில் ஓர் எழுத்தும் இரட்டித்து விழவில்லை. விழுந்திருந்தால் சுவாமிகள் கூலி கொடுத்திருக்க மாட்டார்.

தரிசன முறை எளியது. பக்தர் தம் நாணயத்தை நீட்டுவார். சுவாமிகள் அதைப் பால் தெளித்த வெள்ளித் தட்டில் வைத்து, நுண்ணோக்கியின் கீழே தள்ளுவார். மேடையிலிருந்த பெரிய தொலைக்காட்சியில் நாணயம் வண்டிச் சக்கரத்தின் அளவுக்கு விரியும். எழுத்துகள் சிலவற்றின் பக்கத்தில் இன்னொரு விளிம்பு நிழல்போலத் தெரியும். உடனே மணி அடிக்கும். "இரட்டை லட்சுமி!" என்பார் சுவாமிகள். கூட்டம் கன்னத்தில் போட்டுக் கொள்ளும்.

நாணயத்தில் இருந்தவை சிங்கங்களும், எழுத்துகளும், ஒன்று என்னும் இலக்கமும், அடித்த ஆண்டும் மட்டுமே. லட்சுமி எங்கே இருக்கிறாள் என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் முதல் நாளிலேயே கேட்டார்.

"முதல் எழுத்து அரசாங்கம் அடித்தது, நிழல் எழுத்து அம்பாள் அடித்தது" என்று சுவாமிகள் விளக்கினார். ஆசிரியர் ஐயம் தெளிந்து தம் நாணயத்தையும் நீட்டினார்.

லட்சுமி இருக்கிறாள் என்று தெரிந்தால் மட்டும் போதாது. துபாயில் காத்திருக்கும் செல்வர் ஒருவர் பன்னிரண்டு லட்சம் கொடுத்து அதை வாங்க வேண்டுமானால், காசுக்குக் 'கண் திறக்க' வேண்டும். கண் திறக்க இருபத்தைந்தாயிரம். திறந்த பின் காசு நாற்பத்தெட்டு நாள் வீட்டில் நோன்பிருக்கும். அந்நாள்களில் அவ்வீட்டார் எவர் உடம்பிலும் கத்தி படக் கூடாது. நோன்புக்கும் கத்திக்கும் என்ன தொடர்பு என்று ஒருவரும் கேட்கவில்லை. மருத்துவமனைக்குப் போகிற பணம் மண்டபத்துக்கு வராது என்பதே அந்தத் தொடர்பு.

வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் சிவகாசி அச்சகங்களிலும் கவர் கம்பெனிகளிலும் வேலை செய்பவர்கள். காலண்டர்த் தாளில் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழுந்தால், 'டபுள் அடிச்சிருக்கு' என்று சொல்லி அதைக் கழிவுக் கட்டில் எறிவது அவர்கள் தொழில். வாரத்தில் ஆறு நாள் எறிந்ததை ஏழாம் நாள் வரிசையில் நின்று கும்பிட்டார்கள். தாளில் விழுந்தால் வேஸ்ட். உலோகத்தில் விழுந்தால் லட்சுமி.

அச்சங்குளம் ஆண்டிச்சாமியும் அந்த வரிசையில் நின்றவன். பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் வேலை பார்த்தவன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த தீயில் வலக்கை வெந்து, ஆறியபோது மூன்று விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டிக் கொண்டன. விரல்களைப் பிரிக்கும் அறுவைக்கு மதுரையில் நாள் குறித்திருந்தார்கள். எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த அந்த நாள், வருகிற திங்கட்கிழமை.

வியாழக்கிழமை மாலை ஆண்டிச்சாமி மண்டபத்திலிருந்து வீடு திரும்பினான். அவன் மனைவி செல்லக்கனி அப்போதுதான் கம்பெனி வேனிலிருந்து இறங்கி வந்திருந்தாள். மொய்க் கவர் அச்சிட்டு, அதில் ஒரு ரூபாய் ஒட்டி அனுப்பும் கம்பெனியில் தாள் சரிபார்ப்பது அவள் வேலை.

"ஏ புள்ள, கதவைச் சாத்திட்டு வா. சேதி இருக்கு."

"கதவைச் சாத்துற அளவுக்கு நம்ம வீட்ல என்னங்க இருக்கு?"

"பன்னெண்டு லட்சம்."

செல்லக்கனி கதவைச் சாத்தவில்லை. "எங்கன?"

அவன் இடக்கையை விரித்தான். உள்ளே ஒரு ரூபாய் இருந்தது.

"இது ஆயுத பூசைக்கு எங்க கம்பெனில குடுத்த கவர்ல ஒட்டியிருந்த காசுல்ல?"

"அதேதான். சாமி டிவில போட்டுக் காட்டுனாரு. எளுத்து ரெண்டு ரெண்டா நிக்கிது. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"பாத்ததுக்கு எம்புட்டு?"

"பாக்குறதுக்கு ஒண்ணும் கெடையாது. கண்ணு தெறக்கத்தான் இருவத்தஞ்சு."

"ரூவாயா?"

"ஆயிரம்."

அவர்கள் சேர்த்து வைத்திருந்தது சரியாக அவ்வளவுதான். அறுவைக்குப் பின் கை ஆறும் வரை உலை வைப்பதற்கான பணம் அது.

"திங்கக்கெளமை ஆப்பரேசனுக்கு?"

"அதத்தான் சொல்ல வந்தேன். நாப்பத்தெட்டு நாளைக்குக் கத்தி படக் கூடாதாம்."

"இந்தத் தேதியை விட்டா அடுத்தது சித்திரைக்கு மேலன்னு டாக்டரம்மா சொன்னாக. அதுக்குள்ள விரலு இன்னும் இறுகிப் போயிரும், அப்புறம் பிரிச்சும் பிரயோசனம் இல்லைன்னும் சொன்னாக. நீங்களும் பக்கத்துலதான இருந்தீக?"

"பன்னெண்டு லட்சம் வந்தா மெட்ராஸ்லயே பெரிய ஆஸ்பத்திரியாப் பாத்துக்கிடலாம்."

"வந்தா."

"ஞாயித்துக்கெளமை பணத்தோட வாரேன்னு சாமிகிட்ட வாக்குக் குடுத்துட்டேன்."

செல்லக்கனி தன் பையிலிருந்து, தாள் பார்க்கும் லென்ஸை எடுத்து நாணயத்தின்மேல் வைத்தாள். எழுத்தின் ஓரத்தில் நிழல் இருந்தது. கணவன் பொய் சொல்லவில்லை.

"டபுளு" என்றாள்.

"பாத்தியா!"

"எங்க பிரஸ்ல இதை வேஸ்ட்டுன்னு ஒதுக்கிருவோம்."

"தாளு வேற, காசு வேற."

தாள் வேறு, காசு வேறு என்பது உண்மையாக இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. தெரியாததைத் தெரிந்ததுபோலப் பேசும் பழக்கம் அவளுக்கு இல்லை. அப்பழக்கம் இருந்திருந்தால் அவளும் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருக்கலாம்.

சனிக்கிழமை அரை நாள் விடுப்பெடுத்து, நாணயத்துடன் விருதுநகர் பஜாருக்கு வந்தாள். துணிக்கடைச் சந்து ஒன்றில் சித்திகா என்பவர் பழைய நாணயமும் தபால்தலையும் விற்கிறார். தந்தை விட்டுச் சென்ற கடை. இருபது ஆண்டுகளாக அவரே நடத்துகிறார்.

"வாங்க, ரெட்டை லட்சுமியா?" என்று சித்திகா தலை நிமிராமலே கேட்டார்.

"எப்படிக்கா தெரிஞ்சது?"

"கையை இறுக்கிப் பொத்திக்கிட்டு வாறவுக எல்லாம் ரெட்டை லட்சுமிதான். இந்த வாரம் நீங்க நாப்பத்தோராவது ஆளு. உக்காருங்க."

நாணயத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். பிறகு இழுப்பறையிலிருந்து வெளிநாட்டுச் செப்புக்காசுகள் இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"மொதல்ல இதைப் பாருங்க. இது அச்சுலயே வந்த பிசகு. காசு அடிக்கிற அச்சைத் தயார் பண்ணும்போது, தாய் அச்சை அதுமேல ஒண்ணுக்கு ரெண்டு தடவை வச்சு அமுக்கியிருக்காக. ரெண்டாந்தடவை துளி விலகிருச்சு. எளுத்து அச்சுலயே ரெட்டையாப் பதிஞ்சிருச்சு. எளுத்து எப்படித் தடிச்சிருக்குன்னு பாருங்க. ரெண்டாவது எளுத்தும் மொத எளுத்து மாதிரியே உருண்டு மேல எந்திரிச்சு நிக்கிது. முனையில ரெண்டாப் பொளந்திருக்கு. இதைத்தான் காசு சேக்குறவுக தேடி வாங்குவாக."

"எங்க காசுல?"

"உங்க காசுல நெழலு தட்டையாக் கெடக்கு, படிக்கட்டு மாதிரி. எளுத்து தடிக்கல, ஒல்லியாயிருச்சு. அச்சுல ஒரு கொறையும் இல்ல. அடிக்கிற நேரத்துல அச்சு லூசா இருந்து ஆடியிருக்கு. ஆடுன ஆட்டத்துல எளுத்தோட ஓரத்தை அமுக்கி விட்டுருச்சு. அம்புட்டுத்தான்."

செல்லக்கனி லென்ஸை இங்கும் அங்கும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள்.

"அதாவது அச்சுத் தகடு, அந்தப் பிளேட்டுல கோளாறா, மெசின்ல கோளாறான்னு பாக்கச் சொல்றீக."

"என்னது?"

"எங்க பிரஸ்ல டபுள் அடிச்சா மொதக் கேள்வி அதுதான்க்கா. வரிசையாப் பத்துத் தாளு உருவுவோம். பத்துலயும் ஒரே எடத்துல ஒரே மாதிரி நெழலு இருந்தா பிளேட்டு. தாளுக்குத் தாளு மாறுனா மெசினு ஆடுது."

சித்திகா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இதை நாப்பது பேருக்கு வெளங்க வைக்க எனக்கு ஒரு வாரமாத் தொண்டை வத்திப் போச்சு. நீங்க ஒரே மூச்சுல முடிச்சிட்டீக."

"என் காசு எம்புட்டுப் பெறும்?"

"ஒரு ரூவா."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல ஒரு டீ வேணா நான் சொல்றேன்."

கிளம்பும்போது செல்லக்கனி செப்புக்காசுகள் இரண்டையும் ஒரு நாள் இரவல் கேட்டாள். சித்திகா சிறிது யோசித்துக் கொடுத்தார். "பத்திரம். இதுக்கு நெசமாவே வெல உண்டு."

ஞாயிற்றுக்கிழமை ஆலைகளுக்கு விடுமுறை. மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். ஆண்டிச்சாமியின் சட்டைப்பையில் பணம் இருந்தது. அன்று காலையில், "சாமி சொல்றதை நானும் ஒரு தடவை கேட்டுக்கிடுதேன், அப்புறம் குடுங்க" என்று மட்டுமே செல்லக்கனி சொல்லியிருந்தாள். அது அவனுக்கு நியாயமாகப் பட்டது.

அவர்கள் முறை வந்தது. செல்லக்கனி முதலில் செப்புக்காசு ஒன்றைத் தட்டில் வைத்தாள். திரையில் தடித்த எழுத்துகள் விரிந்தன. மணி அடிக்கவில்லை.

"இதில் ஒன்றுமில்லை, தாயே. எழுத்து கொஞ்சம் தடித்திருக்கிறது. அந்நிய நாட்டுச் செம்பில் அம்பாள் இறங்க மாட்டாள்" என்று சுவாமிகள் அதைத் திருப்பித் தந்தார். அந்நிய நாட்டுச் செல்வரின் பன்னிரண்டு லட்சத்தில் இறங்க அவளுக்குத் தடை ஏதும் இல்லை போலும். இவ்வாறாக, அம்மண்டபத்திற்குள் வந்த உண்மையான இரட்டைக் காசைச் சுவாமிகள் தம் திருக்கரத்தாலேயே தள்ளுபடி செய்தார்.

அடுத்து ஆண்டிச்சாமியின் ஒரு ரூபாய். மணி அடித்தது.

"இரட்டை லட்சுமி! உலகத்தில் இதற்கு ஜோடி கிடையாது!"

"ஜோடியே கெடையாதா சாமி?" என்று செல்லக்கனி கேட்டாள்.

"கிடையாது. சான்றிதழிலேயே அச்சிட்டிருக்கிறோம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"அம்பாள் ஒரு முறை போட்ட கோலத்தை மறுமுறை போட மாட்டாள், தாயே."

செல்லக்கனி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "பிரஸ்ஸுல வேலை பாக்குறவுக எத்தனை பேரு இருக்கீக? எனக்கு ஒரு பதிலு மட்டும் சொல்லுங்க. டபுள் அடிச்சிருக்கு. பத்துத் தாளு உருவுறோம். தாளுக்குத் தாளு நெழலு மாறுது. எதுல கோளாறு?"

"மெசினு!" என்றது மண்டபம். யோசித்துச் சொன்ன பதிலன்று. கூலி வாங்கிப் பழகிய பதில்.

"பத்துலயும் ஒரே மாதிரி இருந்தா?"

"பிளேட்டு!"

"காசு அடிக்கிற அச்சும் பிளேட்டு மாதிரிதான். ஒரு காசை அடிச்சிட்டு ஒடைஞ்சா போகுது? ஆயிரக்கணக்குல அடிக்கும். அச்சுல ரெட்டை இருந்தா, அதுல பொறந்த காசு அம்புட்டுலயும் இதே நெழலு இதே எடத்துல இருக்கணும். ஜோடி கெடையாதுன்னு சாமியே சொல்றாக. அப்ப இது என்ன கோளாறு?"

மண்டபம் இம்முறை பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியாமல் இல்லை. இருபத்தைந்தாயிரம் கட்டியவர்களுக்குச் சில பதில்கள் உடனே வாயில் வருவதில்லை.

"தெய்வத்தைச் சோதிப்பது மகா பாவம்" என்றார் சுவாமிகள்.

"தெய்வத்தை யாரு சாமி சோதிச்சா? காசைத்தான் பாக்குறோம். எங்க கம்பெனி ஆயுத பூசைக்குக் குடுத்த காசு எல்லாமே ஒரே பாங்குப் பொட்டலத்துல வந்தது. வச்சிருக்கவுக மேல வாங்க. கட்டணம் இல்லாம டிவில பாத்துக்கிடலாம்."

உண்மையைக் காணும் ஆர்வத்தில் எத்தனை பேர் மேடை ஏறியிருப்பார்கள் என்று சொல்ல இயலாது. கட்டணம் இல்லை என்பதால் பதினோரு பேர் ஏறினார்கள். ஒரு காசில் நிழல் இடப்பக்கம் விழுந்திருந்தது, ஒன்றில் வலப்பக்கம். ஒன்றில் ஆண்டு மட்டும் இரட்டித்திருந்தது. ஒன்றில் சிங்கத்தின் பிடரி. நான்கில் ஒன்றுமே இல்லை. எதற்கும் எது ஜோடி என்று சொல்ல முடியவில்லை.

பிறகு செல்லக்கனி செப்புக்காசுகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். திரையில் இரண்டும் ஒன்றாக நின்றன. அதே தடிப்பு, அதே எழுத்தில், அதே முனையில், அதே பிளவு.

"ஏலே, இதுல்ல பிளேட்டு மிஸ்டேக்கு!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் தன்னை மறந்து கத்தினான்.

சுவாமிகள் கண்களை மூடித் திறந்தார். "நம்பிக்கை இல்லாதவர் பார்வை பட்டதும் அம்பாள் நிழலை மாற்றிக் கொண்டாள்."

இந்த விளக்கத்துக்கும் நாலைந்து பேர் கன்னத்தில் போட்டுக் கொண்டார்கள் என்பதை மறைப்பதற்கில்லை. ஆண்டிச்சாமியின் இடக்கையும் பாதி வழி எழுந்தது.

அப்போது முன்வரிசையிலிருந்து மாடத்தி எழுந்தாள். ஆண்டிச்சாமிக்குப் பக்கத்து வீடு. தீப்பெட்டி ஒட்டிச் சேர்த்த பணத்தைப் பத்து நாளைக்கு முன்பே கட்டிக் கண் திறந்தவள்.

"சாமி, எனக்கு இந்தப் பிளேட்டு, மெசினு எல்லாம் தெரியாது. என் காசு பன்னெண்டு லட்சம்னீக. எனக்கு அவசரம். ஒரு லட்சம் குடுத்துட்டு நீங்களே வச்சுக்கிடுங்க. மிச்சம் பதினோரு லட்சம் உங்களுக்கு."

"நான் துறவி, தாயே. பொருள் சேர்ப்பதில்லை."

"என்கிட்ட இருவத்தஞ்சு சேத்தீகளே?"

"அது அம்பாளுக்கு."

"அப்ப அம்பாளுக்கே வாங்கிக் குடுங்க. அம்பதாயிரம்."

சுவாமிகள் மேற்கூரையைப் பார்த்தார்.

"ஆயிரம்? நூறு?" மாடத்தி மேடையின் விளிம்புக்கே வந்துவிட்டாள். "சரி சாமி, அரசாங்கம் போட்ட வெலைக்கே தாரேன். ஒரு ரூவா குடுத்து எடுத்துக்கிடுங்க."

முந்நூறு பேரும் சுவாமிகளின் வாயைப் பார்த்தார்கள். இத்தனை நாளும் செந்தமிழில் அருளிய அந்த வாய், முதன்முறையாகச் சொந்தப் பேச்சுக்குத் திரும்பியது.

"சில்லறை இல்லக்கா" என்றார்.

இனி அவனை அருள்பாண்டி என்று அழைப்பதில் பிழையில்லை. சிரிப்பு அடங்குவதற்குள் அருள்பாண்டி சமையற்கூடத்தின் வழியாக வெளியேற முயன்றான். பாத்திரம் கழுவும் தொட்டியருகே பிடித்து நிறுத்தினார்கள். அவன் பையில் வேறொரு மாவட்டத்தில், வருகிற புதன்கிழமை முதல், மண்டபம் ஒன்றை முன்பதிவு செய்த ரசீது இருந்தது. அதனடியில் ஒரு கட்டுச் சான்றிதழ்கள் இருந்தன. 'உலகில் இது ஒன்றே' என்று அச்சிட்டவை, ஐந்நூறு. துபாய்ச் செல்வரின் முகவரியோ தொலைபேசி எண்ணோ எங்கும் இல்லை. காவல் துறையினர் வந்து அருள்பாண்டியை ஏற்றிச் சென்றார்கள்.

ஆண்டிச்சாமி மேடையருகே நின்ற இடத்திலேயே நின்றான். வலக்கையை இடக்கையால் பொத்தியிருந்தான்.

"நாளைக்கு மொத பஸ்ஸு எத்தனை மணிக்கு?" என்று கேட்டான்.

"அஞ்சேகாலு" என்றாள் செல்லக்கனி.

அறுவை திங்கட்கிழமையே நடந்தது. மூன்று விரல்களையும் பிரித்து, தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்தார்கள். ஏழு வாரம் கழித்து ஆண்டிச்சாமியால் கையை விரிக்க முடிந்தது. சுண்டுவிரல் மட்டும் சற்று வளைந்தே நின்றது.

இதற்கிடையில் ஏமாந்தவர்கள் புகாரில் கையெழுத்திட வேண்டும் என்று காவல் நிலையத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். கண் திறக்கப் பணம் கட்டியவர்கள் நூறு பேருக்கு மேல். மாடத்தியோடு சேர்த்து ஏழு பேர் வந்தார்கள். மற்றவர்கள் ஏமாந்தது வெளியே தெரிந்தால் மானக்கேடு என்று கருதினார்கள். சிலர் நாற்பத்தெட்டு நாள் முடியட்டும் என்று இருந்தார்கள்.

கை விரிந்த பிறகு, எட்டாவதாக ஆண்டிச்சாமி செல்லக்கனியுடன் வந்து நின்றான்.

"நீ பணமே கட்டலையேய்யா, உனக்கு என்ன புகாரு?" என்றார் ஆய்வாளர்.

"கடன் வாங்கி ரெண்டாயிரம் அட்வான்ஸ் குடுத்திருந்தேன் சார். வியாளக்கெளமையே."

செல்லக்கனி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "இதை எங்கிட்ட எப்பச் சொல்லலாம்னு இருந்தீக?"

"விரலு சரியாகட்டும்னு இருந்தேன்."

"சரியாயிருச்சு. போடுங்க கையெழுத்தை."

ஆண்டிச்சாமி பேனாவை வலக்கையில் வாங்கினான். இரண்டு ஆண்டுகளில் அந்தக் கை எழுதும் முதல் எழுத்து. கோணலாகத்தான் வந்தது, ஆனால் இடையில் நிற்காமல் பெயர் முழுவதையும் எழுதி முடித்தது. ஆய்வாளர் தாளை வாங்கிக் கொண்டார்.

"எப்படிய்யா நம்புன?"

"நான் ஒத்தை ஆளா நின்னிருந்தா யோசிச்சிருப்பேன் சார். எனக்கு முன்னால அம்புட்டுப் பேரு நின்னாக. அம்புட்டுப் பேருமா யோசிக்காம வந்திருப்பாகன்னு நெனச்சேன்."

ஆய்வாளர் முந்தைய ஏழு வாக்குமூலங்களையும் புரட்டினார். ஏழிலும் அதுவே எழுதியிருந்தது.

யோசிக்கும் வேலையை ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் நின்றவரிடம் விட்டிருந்தார்கள். முதலில் நின்றவர் அதை யாரிடம் விட்டார் என்று விசாரணையில் தெரிய வரவில்லை. அடுத்த முறை நீங்கள் இப்படி ஒரு வரிசையில் நிற்க நேர்ந்தால், ஒரு தடவை பின்னால் திரும்பிப் பாருங்கள். அங்கே நிற்பவர், நீங்கள் யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள் என்று நம்பி நிற்கிறார்.